டார்க் ரெஞ்ச் சொன்ன பொய்

ஓசெலே,
ஜூலை 2

இல்வாவுக்கு,

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாய். எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். நான் கடிதம் எழுதி எத்தனை காலமாயிற்று என்று என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஸ்டாஃபனை அடக்கம் செய்துவிட்டு வந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னாயே, "என் புருஷனக் கொன்னது உன்னோட ரெஞ்சுதான், வெளிய போ"ன்னு. கையில் காபிக் கெட்டிலோடு நின்று சொன்னாய். அத்தனை பேரும் அவரவர் தட்டில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். அன்றைக்கு உன்னிடம் பதில் பேசுவதற்கு மனிதனாகப் பிறந்தவனுக்கு வாய் வராது. இன்றைக்குப் பேசுகிறேன்.

இறுக்கத்தை அளக்கும் அந்த டார்க் ரெஞ்ச்சை நான் யாருக்கும் இரவல் தருவதில்லை. உனக்கே தெரியும், அதற்காக என்னைக் கஞ்சன் என்று கேலி செய்திருக்கிறாய். ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியாது. கையை நம்பினால் ஒருநாள் கூட இறுக்கும், ஒருநாள் குறைவாக இறுக்கும். ரெஞ்ச்சில் அளவை வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அந்த டக்கை நம்பித்தான் என் ரிப்பேர் ஷெட்டுக்கு வரும் மரம் ஏற்றும் லாரி அத்தனையும் ஓடுகிறது. வேலை முடிந்ததும் அதைப் பூஜ்யத்துக்குத் தளர்த்தித்தான் பெட்டியில் வைப்பேன். முறுக்கியபடி வைத்தால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பல் தேய்க்க மறந்தாலும் அதைத் தளர்த்த நான் மறந்ததில்லை.

ஸ்டாஃபன் ஒருவனுக்குத்தான் கொடுத்தேன். "மச்சான், ஒரே ஒரு நாளைக்குக் குடு. பொண்ணு தூவா ஸ்கூல் முடிக்கிறா. அவ கிளாஸ் முழுக்க நம்ம லாரிமேல ஏறி ஊர்வலம் போகப்போகுது. வண்டி சும்மா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கணும்" என்றான். முன்சக்கரம் இரண்டையும் உங்கள் வீட்டு முற்றத்திலேயே கழற்றி, துருப்பிடித்த போல்ட்டு நட்டுகளை மாற்றி, அவனே திரும்ப மாட்டினான். மறுநாளே ரெஞ்ச்சைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அந்தச் சக்கரங்களைத் தொடவே இல்லை.

அப்புறம், கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். அந்த நட்டுகளை எங்கே வாங்கினாய்? அவன் காட்டிய பெட்டியில் எந்தக் கம்பெனிப் பேரும் இல்லை. வெறும் அட்டைப் பெட்டி. இன்னொன்று: சக்கரம் மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொன்னேன். நிறுத்தினானா?

தூவாவுக்கு என் அன்பு. அவளாவது போனை எடுக்கட்டும்.

அண்ணன்
ரூனே


லிக்செலே,
ஜூலை 9

ரூனே அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து விரித்து மீதியைப் படித்தேன். எறிந்ததே சரி.

செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியத்தில் "நிறுத்தினானா" என்று கேட்கிறாய். ஊர்வலத்தன்று, வெள்ளிக்கிழமை காலையில், லாரியை அலங்கரிக்கப் பிர்ச் மரக்கிளை வெட்டி வரப் போனார். திரும்பி வரும்போது ஏரிக்கரை இறக்கத்தில் இடப்பக்கச் சக்கரம் கழன்று தனியாக ஓடிவிட்டது. வண்டி பாறையில் போய் மோதியது. நடுவில் நிறுத்தினாரா, இறுக்கினாரா, யாருக்குத் தெரியும்? பின்னால் நிறையக் கிளைகள் இருந்தன. இலை வாடவே இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நட்டு எங்கே வாங்கினேன் என்று என்னைக் கேட்கிறாயா? உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நிற்பதுதான் என் பிழைப்பு. யாரும் செய்வதையே நிறுத்திவிட்ட லாரிக்கெல்லாம் நார்வே வரை போன் போட்டு, எந்த யார்டில் எந்த வண்டியை உடைக்கிறார்கள் என்று விசாரித்து, பாகம் தேடிக் கொடுக்கிறவள் நான். என் புருஷன் வண்டிக்கு மட்டும் குப்பையை வாங்குவேனா? லாரி செய்த கம்பெனியின் சொந்த நட்டுதான், முத்திரை உடைக்காத பெரிய பெட்டியிலிருந்து எடுத்தது. எண்ணி எடுத்ததால் வெறும் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். மிச்சம் இருந்த இரண்டையும் இதோடு அனுப்புகிறேன். அளந்து பார்த்துக்கொள். அளக்கிறது ஒன்றுதானே உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ அங்கே இல்லை. நான் சொல்கிறேன், கேள். வகுப்பே பள்ளி முடித்ததற்கான வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நின்றது. மற்ற வகுப்புகளின் லாரிகள் ஒவ்வொன்றாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பின. தூவா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பா எப்பவுமே லேட்டுதான், பொறந்ததே லேட்டுன்னு எங்க பாட்டி சொல்லும்" என்று சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தாள். மற்றப் பெற்றோர்களைப் போல நானும் அவளுடைய இரண்டு வயதுப் படத்தை அட்டையில் ஒட்டி, கம்பில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் வந்து என் பெயரைக் கேட்டபோதும் அதை இறக்க எனக்குத் தோன்றவில்லை. "நல்லவேளை, வண்டி காலியா இருந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். காலியாம். அவர் இருந்தாரே.

இப்போது தூவா வெளியே போவதில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள். காலையில் சமையலறைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஏம்மா கழண்டுச்சு?" தினமும் இதே கேள்வி. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. நட்டு தளர்ந்திருந்தது, காரணம் தெரியவில்லை என்கிறார்கள். காரணம் தெரியாமல் இந்தப் பெண் பிழைக்க மாட்டாள் போலிருக்கிறது. உப்சாலாவில் படிக்கப் போகவேண்டியவள், போகமாட்டேன் என்கிறாள்.

நட்டு சரியானது. இறுக்கியவர் உன்னைவிட அதிக வருஷம் லாரி ஓட்டியவர். மிச்சம் என்ன இருக்கிறது? உன் ரெஞ்ச்தான். அதைச் சோதிக்கக் கொடு. கொடுத்துவிட்டு எழுது. வேறு எதுவும் எழுதாதே.

இல்வா


ஓசெலே,
ஆகஸ்ட் 6

இல்வாவுக்கு,

நட்டு இரண்டையும் அளந்தேன். மரையும் சரி, அளவும் சரி, இரும்பும் நல்ல இரும்பு. உன்மேல் சந்தேகப்பட்டது என் தப்பு. மன்னித்துக்கொள். துக்கத்தில் இருக்கிறவளிடம் போய் நட்டுக் கணக்குக் கேட்ட மடையன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ரெஞ்ச்சை உமியோவில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் கடையின் அளவுக் கருவிகளையும் அவர்கள்தானே பார்க்கிறார்கள். முடிவு வருவதற்கு நாளாகும், கோடை விடுமுறை. அது வரும்வரை ஷெட்டில் சக்கர வேலையை எடுப்பதில்லை. ஒருவேளை நீ சொல்வதுதான் உண்மை என்றால் இன்னொருத்தர் வீட்டில் சாவு விழக்கூடாது.

இன்ஷூரன்ஸ்காரர்கள் லாரியை வைத்திருக்கும் யார்டுக்குப் போயிருந்தேன். சொல்லாமல் போனதற்குக் கோபப்படாதே. கதவைத் திறந்ததும் ஸ்டாஃபனுடைய காபிக் குடுவை உருண்டு வந்து காலடியில் விழுந்தது. அதற்குமேல் கொஞ்ச நேரம் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் நீ இவனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, "இந்த ஆளா? இவன் செருப்பைக்கூட சரியா மாட்டத் தெரியாதவன் மாதிரி இருக்கானே" என்று கேட்டது நான்தான். அதன் பிறகு எனக்கு அவனைவிட நல்ல நண்பன் கிடைக்கவில்லை.

கழன்று ஓடிய சக்கரத்தையும் பார்த்தேன். பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் வெள்ளை. யார் அடித்தது? ஸ்டாஃபனா, இல்லை கடையில் கொடுத்து அடித்தீர்களா? எத்தனை பூச்சு? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ரூனே


லிக்செலே,
ஆகஸ்ட் 15

அண்ணா,

உன் கடிதத்தில் காபிக் குடுவை வந்த இடத்தில் நானும் உட்கார்ந்து அழுதேன். அதை எடுத்து வைத்தாயா? எடுத்து வைத்திருந்தால் அனுப்பு.

பெயிண்ட் பற்றி நீ கேட்டது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. எனக்குத் தெரியாது, அந்த வாரம் கடையை விட்டு வரவே நேரமில்லை. அதனால் தூவாவிடம் கேட்டேன். அண்ணா, அவள் சிரித்தாள்! அவருக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அவளேதான் அடித்தாளாம். தொப்பிக்குப் பொருத்தமாக வெள்ளை வேண்டும் என்று அவளுடைய யோசனை. அப்பா சக்கரங்களைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்து வைத்தாராம். இவள் பிரஷ் வாங்கி, காயவிட்டுக் காயவிட்டு மூன்று பூச்சு. முன்னும் பின்னும், போல்ட் ஓட்டைகளைச் சுற்றிலும், ஒரு இடம் விடாமல். "இரும்பு எட்டிப் பாத்தா அசிங்கமா இருக்கும்லம்மா" என்கிறாள். மாட்டும் நேரத்தில் அப்பா சுரண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தைச் சுரண்ட வந்தாராம். இவள் சக்கரத்தின்மேல் கைகளை விரித்துப் படுத்துக்கொண்டு, "அப்பா! இப்பத்தான் காஞ்சிருக்கு! தொட்டீங்கன்னா பேசவே மாட்டேன்!" என்று கத்தினாளாம். அவர் சுரண்டியைத் தூரப் போட்டுவிட்டு, "சரி மகாராணி, உங்க உத்தரவு" என்று குனிந்து கும்பிட்டாராம். அதை நடித்துக் காட்டினாள். அப்படியே அவர் மாதிரியே குனிந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தட்டுச் சூப் குடித்தாள். உனக்கு நன்றி சொல்லவேண்டும் போலிருக்கிறது.

ஆனால் மறுநாள் காலையில் பழையபடி, "ஏம்மா கழண்டுச்சு?" நேற்று ராத்திரி கொட்டகையில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. எப்படிப்பட்ட பயம் என்று எழுதமாட்டேன், புரிந்துகொள்.

சோதனைக்கூடத்திலிருந்து வந்ததா? பெயிண்ட்டைப் பற்றி ஏன் கேட்டாய்?

இல்வா


ஓசெலே,
செப்டம்பர் 12

இல்வாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி.

ரெஞ்ச் பொய் சொல்லியிருக்கிறது. வரவேண்டிய இறுக்கம் வருவதற்கு வெகு முன்னாலேயே டக் என்று சொல்லிவிடுகிறதாம். ஸ்டாஃபன் அதை நம்பி நிறுத்திவிட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. குளிர்காலம் முழுக்க நான் அதை முறுக்கியபடியே பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். உள்ளே ஸ்பிரிங் செத்துவிட்டது. முதல் கடிதத்தில் பெரிய யோக்கியன் மாதிரி எழுதினேன் இல்லையா, அதெல்லாம் வாய்ச்சவடால். வயதாகிவிட்டது. மறந்துவிட்டேன்.

பெயிண்ட்டைப் பற்றிக் கேட்டது இன்ஷூரன்ஸ்காரர் படிவத்தில் எழுதக் கேட்டதால். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பேச்சை விட்டுவிடு. அவளிடமும் எடுக்காதே.

தூவாவிடம் இன்றைக்கே சொல். இந்தக் கடிதத்தையே காட்டு. ஏன் கழன்றது என்று கேட்டால் மாமாவின் கவனக்குறைவால் என்று சொல். காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் தேடவேண்டியதில்லை. ஜனவரியில் சேரலாம் என்றால் உப்சாலாவுக்கு அனுப்பிவிடு.

காபிக் குடுவையைத் துணியில் சுற்றித் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ரூனே


லிக்செலே,
செப்டம்பர் 16

ரூனேவுக்கு,

தூவாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "மாமாவா?" என்றாள். சட்டையைக்கூட மாற்றாமல் போய்ப் படுத்து மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். எழுந்து வந்ததும் நீ அவளுக்குக் கொடுத்த தங்கச் சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நீ ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொல்லவேண்டுமோ என்னவோ. சொல்ல வரவில்லை. "ரெஞ்ச் பொய் சொல்லாது மச்சான்" என்று அவர் தோளில் தட்டிக் கொடுத்தனுப்பினாய். அதை அவர் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். உன் அஜாக்கிரதையை நம்பி என் வீட்டுக்காரர் செத்தார்.

கடைக்கு வரும் டிரைவர்களிடம் சொல்லிவிட்டேன், ரூனேயிடம் வண்டியை விடாதீர்கள் என்று. ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு வராதே. எழுதவும் எழுதாதே.

இல்வா


லிக்செலே,
பிப்ரவரி 20

அண்ணா,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வாரம் ஒரு டிரைவர் சக்கரத்துக்கு அடிக்க வெள்ளைப் பெயிண்ட் கேட்டு வந்தார். நான் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். கூட வேலை செய்யும் பேரித் எட்டிப்பார்த்துச் சொன்னாள், "அண்ணே, அழகா அடிங்க, ஆனா பின்னால அச்சுல போய் உக்கார்ற பக்கத்துல மட்டும் அடிச்சிராதீங்க. எவ்வளவு இறுக்கினாலும் பெயிண்ட் நசுங்கிப் பொடியாயிரும். நட்டு தளர்ந்துரும். சக்கரம் தனியா ஊர்வலம் போயிரும்." அவர் சிரித்தார். பேரித்துக்கு நம் வீட்டுக் கதையில் பெயிண்ட் வருவது தெரியாது, பாவம். நான் உள்ளே போய் சாமான் அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருஷமாகப் பாகம் விற்கிறேன். எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு சக்கரத்தையாவது என் கையால் மாட்டியிருந்தால் நீ கேட்ட அன்றைக்கே புரிந்திருக்கும்.

பிறகு உமியோ சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருக்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும். "ரூனே ரெஞ்சா? வருஷா வருஷம் வருதே. மயிரிழைகூட மாறலைக்கா. இப்படி யாரும் வச்சிக்கமாட்டாங்கன்னு நாங்களே பேசிக்கிட்டோம்" என்றாள்.

ஏன் அண்ணா இப்படிச் செய்தாய்? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? யாரைக் கேட்டு உன்னைக் கொலைகாரனாக்கிக்கொண்டாய்? உன் ஷெட்டுக்கு இப்போது ஒரு வண்டியும் வருவதில்லையாம், வாசலில் பனி விலக்கக்கூட அவசியமில்லாமல் கிடக்கிறதாம். அதை என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. நான்தானே ஒவ்வொருத்தராகச் சொல்லித் துரத்தினேன். இப்போது எதைச் சொல்லித் திருப்பிக் கூப்பிடுவேன்? ரெஞ்ச் சரிதான் என்றால், பிறகு எது தப்பு என்று கேட்பார்களே.

ஸ்டாஃபனுக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துதானே சுரண்டியை எடுத்தார். ஊர்வலம் முடியட்டும், திங்கட்கிழமை தூவாவுக்குத் தெரியாமல் சுரண்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவளுக்கு எதையுமே இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். நீயும் அப்படித்தான்.

தூவா உப்சாலாவில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தோழிகள் இருக்கிறார்கள், போனில் சிரிக்கிறாள். ஆனால் உன் பேரை மட்டும் எடுக்கக்கூடாது. "அந்தாளப் பத்திப் பேசினா நான் வச்சிருவேன்" என்கிறாள். உன்மேல் இருக்கும் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறாள். அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டு என்னத்தைக் கொடுப்பேன்?

அவளிடம் சொல்லமாட்டேன். அது முடிவு. ஆனால் நான் உன்னைப் பார்க்கவேண்டும். உன் சமையலறையில் உட்கார்ந்து உன் மோசமான காபியைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழவேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் வரட்டுமா? இங்கே யாருக்கும் தெரியாமல் எதுவும் நடக்காது என்பதும் தெரியும். உன் வாசலில் என் கார் நின்றால் மறுநாளே உப்சாலா வரை போய்விடும். "அப்பாவக் கொன்னவர் வீட்டுக்கு எப்படிம்மா போன?" என்று கேட்பாள். என்ன பதில் சொல்ல?

நீயே சொல் அண்ணா. வரட்டுமா?

உன் தங்கை
இல்வா


ஓசெலே,
பிப்ரவரி 25

இல்வாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் அப்படியே செய்.

உமியோப் பெண் வேறு யாருடைய ரெஞ்சையோ நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். என்னுடையது பொய்தான் சொன்னது. நீயும் அப்படியே நம்பு. நம்பாவிட்டால் என்றைக்காவது தூவா முகத்தைப் பார்த்து உளறிவிடுவாய். உனக்கு ரகசியம் தங்காது.

வராதே.

ஷெட்டைப் பற்றிக் கவலைப்படாதே. மரம் அறுக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே அளப்பதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது.

ஈஸ்டருக்குத் தூவா வருவாள். என் பேச்சு எப்படியும் வரும். அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு. குறுக்கே பேசாதே.

ரூனே